எல்லை ஊர்ல டிஜிட்டல் ஹெல்த் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சுட்டுப் போங்க

ஹெல்த் சம்பந்தமா பிஹெச்டி பண்றவங்க, அதுலயும் ஆப், ஆன்லைன் டாக்டர், ஹெல்த் ஐடி மாதிரி விஷயத்த கிராமத்துல போயி படிக்கணும்னு நெனக்கிறவங்களுக்காக இத எழுதறேன். நான் ஆரம்பிக்கறப்ப இந்த மாதிரி யாராவது தமிழ்ல எழுதியிருக்காங்களான்னு ரொம்பத் தேடுனேன், ஒண்ணும் கிடைக்கல. கைடு நல்லவர்தான், ஆனா அவருக்கு எல்லை தாண்டி ஃபீல்டு ஒர்க் பண்ண அனுபவம் கிடையாது. டிபார்ட்மெண்ட்ல சீனியரும் யாரும் இல்ல. எல்லாத்தையும் தனியா முட்டி மோதித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுக்குள்ள ஒன்றரை வருஷம் போச்சு, கையில இருந்த காசும் போச்சு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் ஃபீல்டு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவோட கிழக்குப் பக்கம். பொள்ளாச்சியில பஸ் ஏறுனா கோபாலபுரம் இல்லன்னா மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டுனதும் கேரளா, ஆனா கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடைன்னு போற வழியெல்லாம் வீட்டுக்குள்ள பேசறது பெரும்பாலும் தமிழ்தான். கடை போர்டு ரெண்டு மொழியிலயும் இருக்கும், தென்னந்தோப்பும் கடலைக்காடும் நம்ம பக்கம் மாதிரியே இருக்கும். எங்க பெரியம்மாவ அங்கதான் கட்டிக் குடுத்திருக்காங்க, அதனால சின்ன வயசுல இருந்தே பழகின ஊரு. என் தலைப்பு, சுகரும் பிரஷரும் இருக்கற நடுத்தர வயசுப் பொம்பளைங்க இ-சஞ்சீவனி மாதிரி சேவைய எப்படிப் பயன்படுத்தறாங்க, எங்க விட்டுடறாங்கங்கறது. தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த, இ-சஞ்சீவனிங்கறது மத்திய அரசோட ஆன்லைன் டாக்டர் சேவை, 2019 நவம்பர்ல ஆரம்பிச்சது, மொஹாலியில இருக்கற சி-டாக்ங்கற அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் செஞ்சு குடுத்தது. ஹெல்த் சென்டர்ல சிஸ்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர வீடியோல கூப்பிடுவாங்க, அது ஒரு வழி. கொரோனா வந்தப்ப 2020 ஏப்ரல்ல வீட்ல இருந்தே போன்ல டாக்டர கூப்பிடற மாதிரி இன்னொரு வழி வந்துச்சு. பேப்பர்ல பாத்தா ரெண்டும் ரொம்ப எளிமை.

முதல் அடி எத்திக்ஸ் கமிட்டியில, அதாவது ஆராய்ச்சியில கலந்துக்கறவங்களுக்குக் கெடுதல் வராம பாக்கற குழுவுல, விழுந்துச்சு. மனுஷங்ககிட்ட ஹெல்த் பத்தி கேள்வி கேக்கறதுன்னாலே, ரத்தம் எடுக்கலன்னாலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017ல போட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி கமிட்டி பாக்கணும். அனுமதி வர்றதுக்கு முன்னாடி ஒரு ஆள்கிட்ட கூட பேசி டேட்டா எடுக்கக் கூடாது, எடுத்துட்டு அப்பறம் அனுமதி வாங்கறதுக்கு வழியே இல்ல. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது என்னன்னா, 2019ல வந்த புது மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகளுக்கு அப்பறம் அந்தக் கமிட்டியே டெல்லியில இருக்கற சுகாதார ஆராய்ச்சித் துறையில பதிவு பண்ணியிருக்கணும்ங்கறது. எங்க கமிட்டி அனுமதி குடுத்துடுச்சு, அத எடுத்துக்கிட்டு கேரளா பக்கம் போனா, அங்க ஒரு ஆபீஸ்ல பைலைத் திருப்பிப் பாத்துட்டு பதிவு நம்பர் எங்கன்னு கேட்டாங்க. இங்க வந்து கேட்டா அந்த வேலை இன்னும் முடியல, போட்டிருக்கோம், வரும்னாங்க. அது வர்ற வரைக்கும் நான் சும்மா உக்காந்திருந்தேன். அதனால உங்க கமிட்டிக்கு பைல் குடுக்கறதுக்கு முன்னாடியே, அந்தப் பதிவு நம்பர் என்ன, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு ஆபீஸ்ல கேட்டு ஒரு காப்பி வாங்கி வச்சுக்கோங்க. இத கேக்கறதுல கூச்சமே படாதீங்க, அது உங்க உரிமை.

அப்பறம் மாநில அனுமதி. உங்க யுனிவர்சிட்டி ஒரு மாநிலத்துல, ஃபீல்டு இன்னொரு மாநிலத்துலன்னா, உங்க கமிட்டி கடிதம் மட்டும் வச்சுக்கிட்டு அரசு ஹெல்த் சென்டர் வாசல்ல நிக்க முடியாது. கீழ கேட்டா மேல போகச் சொல்வாங்க, மேல போனா கீழ இருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிட்டு வரச் சொல்வாங்க. எனக்கு இதுலயே மாசக்கணக்கா போச்சு, ஒரு கட்டத்துல தலைப்பையே மாத்திடலாமான்னு தோணுச்சு. கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து அழுதிருக்கேன், மறைக்க ஒண்ணுமில்ல. கடைசியில வழி தொறந்தது எப்படின்னா, பெரியம்மா ஊர் வார்டு மெம்பர் ஒருத்தர், பஞ்சாயத்துல இருந்து "இந்த ஆராய்ச்சி எங்க ஊருக்கு வேணும்"னு ஒரு கடிதம் வாங்கிக் குடுத்தாரு. கேரளாவுல ஆரம்ப சுகாதார நிலையம் பஞ்சாயத்தோட பொறுப்புல வரும், அதனால அந்தக் கடிதத்துக்கு நல்ல எடை இருக்கு. நான் முதல்ல போயிருக்க வேண்டிய இடம் அதுன்னு யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு நாள் மிச்சமாயிருக்கும்! நீங்க போறப்ப பஞ்சாயத்து, ஹெல்த் சென்டர் மெடிக்கல் ஆபீசர், அப்பறம் மாவட்டம்னு கீழ இருந்து மேல போங்க, ஒவ்வொரு இடத்துலயும் குடுத்த கடிதத்தோட காப்பியில சீல் வாங்கிக்கோங்க.

மொழி விஷயத்த தனியா சொல்லணும், ஏன்னா எனக்கு ரொம்பக் கோவம் வந்தது இதுலதான். சம்மதப் படிவம் கலந்துக்கறவங்களுக்குப் புரியற மொழியில இருக்கணும்னு நெறிமுறையே சொல்லுது. கமிட்டி என்ன பண்ணுச்சுன்னா, ஃபீல்டு கேரளாவுல இருக்கு, அப்ப மலையாளத்துல குடுங்கன்னு எழுதிருச்சு. அங்க பேசறது தமிழ்ங்கன்னு சொன்னேன், கேக்கல. சரின்னு காசு குடுத்து மலையாளத்துல மொழிபெயர்த்து, வேற ஒருத்தர வச்சு அத திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டு வந்து சரிபார்த்து, ரெண்டுக்கும் சேத்து 9,000 ரூபா கிட்ட ஆச்சு. எடுத்துட்டுப் போனா, 50 வயசு அக்காங்க படிவத்தக் கையில வாங்கி தலைகீழா ஒரு பார்வ பாத்துட்டு பேத்திய கூப்பிடறாங்க. பேத்தி ஸ்கூல்ல மலையாளம் படிக்கறவ, அவ படிச்சுச் சொல்லணும். பாட்டியோட நோய பத்தி பேசறதுக்கு பத்து வயசுப் புள்ளய நடுவுல வைக்கறதா? அத சம்மதம்னு நான் எப்படி எழுதறது?

அப்ப அந்த ஊர்ல தமிழ் மீடியம் ஸ்கூல்ல இருந்து ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர் ஒரு தகவல் சொன்னாரு, அது எனக்கு உசுரு குடுத்த மாதிரி. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லயே தமிழ், கன்னட சிறுபான்மை மக்களுக்கு, அவங்க இருக்கற பகுதியில அரசு ஆபீஸுக்கு அவங்க மொழியிலயே எழுதற உரிமை குடுத்திருக்கு. அரசாங்கத்துக்கே தமிழ்ல எழுதலாம்னா, என் சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கக் கூடாதா? இத அப்படியே ஒரு கடிதமா எழுதி, பஞ்சாயத்து கடிதத்தோட சேத்து திருத்தம் கேட்டுப் போட்டேன், ஒத்துக்கிட்டாங்க. மறுபடியும் மொழிபெயர்ப்புச் செலவு, மறுபடியும் கமிட்டி கூடற தேதிக்குக் காத்திருப்பு. நீங்க எல்லைப் பக்கம் போறதா இருந்தா, கேரளாவோ, ஆந்திராவோட சித்தூர், நகரி பக்கமோ எங்கயோ இருக்கட்டும், முதல் விண்ணப்பத்துலயே ரெண்டு மொழிப் படிவமும் வச்சுடுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு, சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிஞ்ச ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போடணும், கைநாட்டு மட்டும் போதாது. அந்த சாட்சி சொந்தக்காரங்களாவோ ஹெல்த் சென்டர் ஆளாவோ இல்லாம குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல (கேரளாவுல பொம்பளைங்களோட சுய உதவிக் குழு) ஒருத்தரா இருந்தா ஜனங்க தைரியமா வேண்டாம்னும் சொல்வாங்க. வேண்டாம்னு சொல்ல முடியற இடத்துலதான் சரின்னு சொல்றதுக்கு அர்த்தம் இருக்கு.

இனி டேட்டா போன கதை. கேள்விகளெல்லாம் ஓடிகேங்கற ஆப்ல போட்டிருந்தேன், ஆண்ட்ராய்டுல நெட் இல்லாமலே ஃபார்ம் நிரப்பலாம், இலவசம், தமிழ் மலையாளம் ரெண்டையும் ஒரே ஃபார்ம்ல வச்சு மாத்திக்கலாம், கிராமத்து வேலைக்கு இதவிட நல்லது எனக்குத் தெரியல. டிபார்ட்மெண்ட் ப்ராஜெக்ட் டேப் ஒண்ணு குடுத்திருந்தாங்க. தோப்புப் பக்கம் டவர் கிடைக்காது, அதனால முடிச்ச ஃபார்மெல்லாம் டேப்லயே இருக்கும், டவுனுக்கு வந்து அனுப்பணும். ஒரு வெள்ளிக்கிழமை திடீர்னு ஸ்டாக் கணக்கு எடுக்கறோம், எல்லா டேபும் உடனே திருப்பிக் குடுங்கன்னு போன் வந்துச்சு. உள்ள அனுப்பாத ஃபார்ம் இருக்குன்னு வாயாலயும் சொன்னேன், பேப்பர்ல எழுதி ஒட்டியும் குடுத்தேன். அடுத்த வாரம் போயி கேட்டா, எல்லா டேபையும் ரீசெட் பண்ணி வேற ப்ராஜெக்டுக்குக் குடுத்தாச்சு. 60 பேருக்கு மேல பேசினது அதுல இருந்துச்சு. ஒருத்தர் கூட மன்னிச்சுக்கோமான்னு சொல்லல. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

இதுல கவனிக்க வேண்டியது, ஆப்ல ஃபார்ம முடிச்சதா காட்டறது வேற, சர்வருக்குப் போய்ச் சேந்ததா காட்டறது வேற. முடிச்சதுன்னு இருந்தா அது அந்தக் கருவிக்குள்ளதான் உக்காந்திருக்கு, ஆப்ப எடுத்தாலோ போன ரீசெட் பண்ணாலோ கூடவே போயிடும். தானா அனுப்பற செட்டிங்க போட்டு வைங்க, சாயங்காலம் ஊர விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி டவர் இருக்கற இடத்துல நின்னு "அனுப்பியவை"ல எல்லாம் வந்துடுச்சான்னு எண்ணிப் பாருங்க. கருவி யாரோடதுன்னாலும் ஒப்படைக்கறதுக்கு முன்னாடி பொறுப்பாளர்கிட்ட "டேட்டா அனுப்பி முடிஞ்சுது, அழிக்கலாம்"னு நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் ரீசெட் பண்ணணும்னு முன்னாடியே எழுதி வாங்குங்க. அப்பறம் டேட்டா போனத கமிட்டிக்கு எழுத்துல தெரியப்படுத்தணும், மறைச்சா பின்னால பெரிய சிக்கல். நான் தெரியப்படுத்திட்டு, அதே வீடுகளுக்கு மறுபடியும் போனேன். கூச்சமா இருந்துச்சு. கொஞ்சம் பேரு முடியாதுன்னுட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல, தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைய விட்டுட்டு எத்தன தடவ எங்கூட உக்காருவாங்க. ஒரு அக்கா மட்டும் கையப் பிடிச்சு திண்ணையில உக்கார வச்சு, "மறுக்கா சொல்றதுக்கு என்ன கண்ணு, நோவு எங்கிட்டதான இருக்குது, எங்கயும் போயிரல"ன்னாங்க.

ஓடிபியால வந்த ஒரு பிரச்சனையையும் சொல்றேன். 14 இலக்க ஆபா நம்பர், அதாவது அரசு குடுக்கற ஹெல்த் ஐடி, இருக்கான்னு நான் ஒரு கேள்வி வச்சிருந்தேன், அவ்வளவுதான், எடுத்துக் குடுக்கறது என் வேலையே இல்ல. ஒரு வீட்ல அந்தம்மா, பக்கத்து வீட்டுக்கெல்லாம் அக்ஷயா சென்டர்ல (கேரளாவோட இ-சேவை மையம்) எடுத்திருக்காங்க, எனக்கும் எடுத்துக் குடு கண்ணுன்னு கேட்டாங்க. நான் அக்ஷயாவுக்கே போங்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன். அவங்க அங்க போயி எடுக்கறப்ப ஆதார்ல இருக்கற போன் நம்பர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கற மகனோடது, ஓடிபி அவருக்குப் போயிருக்கு. ஷிஃப்ட்ல இருந்த மனுஷன் பதறிப் போயி அம்மாவக் கூப்பிட்டா, "ஆராய்ச்சிப் பொண்ணு வந்துச்சுல்ல, அது சொல்லித்தான்"னு அம்மா சொல்லியிருக்காங்க. சாயங்காலமே எனக்கு போன், எங்கம்மா அக்கவுண்ட்ல காச எடுக்கப் பாக்கறியான்னு சத்தம். அவர் கோவத்துல நியாயம் இருக்கு, ஓடிபி கேட்டு ஏமாத்தறவங்க அத்தன பேரு இருக்காங்க. ஆனா ரெண்டே நாள்ல அந்தத் தெருவே எனக்குக் கதவு தொறக்கல. ஊர் ஹெல்த் வேலை பாக்கற ஆஷா சேச்சி ஒருத்தங்க, வீடு வீடா கேரள அரசோட சைலி ஆப்ல சர்க்கரை பிரஷர் கணக்கெடுத்து எல்லாருக்கும் பழக்கமானவங்க, அவங்கதான் எங்கூட நடந்து வந்து அயல்கூட்டத்துல உக்கார வச்சு பேச விட்டாங்க. அதுக்கப்பறம்தான் ஜனங்க திரும்ப முகம் பாத்துப் பேசுனாங்க.

அதனால ஆதார், ஓடிபி, ஆபா எதையும் உங்க கையால தொடாதீங்க, நம்பரக் குறிச்சுக்கக் கூட வேண்டாம், இருக்கா இல்லையான்னு கேட்டா போதும். ஆபா எடுக்கறது கட்டாயம் இல்ல, அது இன்சூரன்ஸ் கார்டும் இல்ல, ஆனா பாதிப் பேரு அஞ்சு லட்சம் ரூபா காப்பீட்டுக் கார்டுன்னு நெனச்சுத்தான் எடுக்கறாங்க. முதல் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அயல்கூட்டம், ஆஷா, வார்டு மெம்பர் மூணு பேருக்கும் முன்னால ஒரு தடவ நின்னு நீங்க யாரு, என்ன கேப்பீங்க, என்ன கேக்கவே மாட்டீங்கன்னு சொல்லிடுங்க. வெளியூர்ல வேலை பாக்கற பசங்க நம்பருக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போயிடணும். அந்த வீட்ல போன் யார் கையில இருக்கோ அவங்களும் உங்க ஆராய்ச்சியில ஒரு ஆளு.

என் ஆராய்ச்சியிலயே என்ன உலுக்குனது இன்னொண்ணு. ஒரு வீட்ல மாத்திரையெல்லாம் காட்டுங்கம்மான்னேன். பிஸ்கட் டப்பா ஒண்ணத் தொறந்து கட்டில் மேல கொட்டுனாங்க. ஒரு அட்ட பச்சை நிறம், ஒரு அட்ட வெள்ளி நிறம், திருப்பிப் பாத்தா ரெண்டுலயும் பொடி எழுத்துல அம்லோடிபின் 5 மில்லிகிராம், ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரை. பச்சை இங்க ஹெல்த் சென்டர்ல வாங்குனது. வெள்ளி ஆனைமலையில மக வீட்டுக்குப் போயிருந்தப்ப, தமிழ்நாட்டுல 2021ல இருந்து நடக்குதே மக்களைத் தேடி மருத்துவம், அதுல வீட்டுக்கே வந்து பிரஷர் பாத்துக் குடுத்தது. ரெண்டு பக்கமும் நல்ல மனசோட குடுத்ததுதான். இவங்க ஒண்ண பிரஷர் மாத்திரைன்னும் இன்னொண்ண தலைசுத்து மாத்திரைன்னும் நெனச்சு ரெண்டையும் தினம் போட்டிருக்காங்க. காலப் பாத்தேன், கணுக்கால் ரெண்டும் வீங்கி விரல் வச்சு அமுக்குனா குழி விழுது. எந்திரிச்சா கண்ணக் கட்டுதுங்கறாங்க. அம்லோடிபின் அளவு கூடுனா கால் வீங்கறது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா நான் டாக்டர் இல்ல, நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது, சொல்லாம வரவும் மனசு வரல. அங்கயே நின்னு ஹெல்த் சென்டர் சிஸ்டருக்கு போன் போட்டேன், அவங்க அன்னைக்கே வந்து பாத்து டாக்டர்கிட்ட பேசி ஒண்ண நிறுத்துனாங்க, கொஞ்ச நாள்ல வீக்கம் வடிஞ்சுது.

ரெண்டு மாநிலத்துக்கும் தனித்தனி ரெக்கார்டு, இங்க குடுத்தது அங்க தெரியாது. 2020 மார்ச் 25ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவுல எந்த ஊர்ல இருக்கற நோயாளிக்கும் ஆன்லைன்ல ஆலோசனை குடுக்கலாம், சட்டத்துக்கு வாளையாறு செக்போஸ்ட் கிடையாது. ஆனா டாக்டருக்கு முன்னால இருக்கற திரையில அந்த வெள்ளி அட்ட வராதே, நோயாளியா சொன்னாத்தான் உண்டு. நான் பேசுன பொம்பளைங்கள்ல பலபேருக்கு ஆன்லைன் டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு மகன் போன்ல இருக்கு, மகன் கோயமுத்தூர்ல இருக்கான். என் தீசிஸ்ல மைய அத்தியாயமே இதுதான் இப்ப. எல்லை ஊர்ல ஹெல்த் பத்தி கேக்கறவங்க எல்லாரும், "இங்க மட்டுமா வாங்கறீங்க, அந்தப் பக்கம் எதாவது வாங்கறீங்களா"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வைங்க, வாயால கேட்டா விட்டுப்போகும், டப்பாவ கொட்டச் சொல்லிப் பாருங்க. அதவிட முக்கியம், இப்படி ஆபத்தா எதாவது கண்ணுல பட்டா யாருக்கு போன் பண்றது, எவ்வளவு நேரத்துக்குள்ள, நோயாளிகிட்ட என்ன சொல்றதுன்னு எத்திக்ஸ் விண்ணப்பத்துலயே ஒரு பக்கம் எழுதி, அந்த நம்பர போன்ல சேவ் பண்ணிட்டுப் போங்க. என் விண்ணப்பத்துல அப்படி ஒரு பக்கம் யாரும் கேக்கவும் இல்ல. அந்த சிஸ்டர் அன்னைக்கு போன எடுக்கலன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் யோசிப்பேன்.

காசுக் கணக்கும் சொல்லிடறேன். ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கறவங்களுக்கு 2023ல இருந்து மாசம் 37,000 வருது, எனக்கு அது இல்ல, யுனிவர்சிட்டி குடுக்கற சின்னத் தொகைதான், அதுவும் ஆறேழு மாசம் சேத்து வைக்கும். மொழிபெயர்ப்பு, பஸ்ஸு, உதவிக்கு வந்த பொண்ணுக்கு நாள் கூலி, மறுபடியும் போனதுக்கான செலவு, கடைசியில நானே வாங்குன பழைய டேப், எல்லாம் சேத்து 85,000க்கு மேல கைக்காசு. அம்மாவோட வளையல் அடகுல இருந்து இன்னும் வரல. பட்ஜெட் போடறப்ப மொழிபெயர்ப்ப ரெண்டு மடங்கா போடுங்க, கலந்துக்கறவங்களுக்கு ஒரு நாள் கூலி போறதுக்கு ஈடா ஒரு தொகைய கமிட்டி அனுமதியோட சேருங்க, நெறிமுறை அத அனுமதிக்குது. நான் கேட்டப்ப தேவையில்லன்னு சொன்னாங்க, நான் விடாம ரெண்டாவது திருத்தத்துல வாங்கிட்டேன்.

இப்ப எழுத்து வேலை ஓடிக்கிட்டு இருக்கு. 2022 யுஜிசி பிஹெச்டி விதிப்படி ஆறு வருஷத்துக்குள்ள முடிக்கணும், எனக்கு இன்னும் நேரம் இருக்கு. போன மாசம் முடிவுகள ஒரே பக்கத்துல பெரிய எழுத்துல தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிச்சு ஹெல்த் சென்டர்லயும் ரேஷன் கடையிலயும் ஒட்டிட்டு, அயல்கூட்டத்துலயும் வாசிச்சுக் காட்டுனேன். அங்க ஒரு அக்கா, ஆன்லைன் சீட்ட சென்டர்லயே பேப்பர்ல அடிச்சுக் குடுத்தா நாங்க நோட்டுல ஒட்டி ரெண்டு பக்கத்து டாக்டருக்கும் காட்டுவோம்லன்னு கேட்டாங்க. அத அப்படியே பரிந்துரையா எழுதி மெடிக்கல் ஆபீசர்கிட்ட குடுத்திருக்கேன், பிரிண்டருக்கு பஞ்சாயத்து ஃபண்ட்ல கேட்டுப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. தமிழ் சம்மதப் படிவம், சாட்சி கையெழுத்துப் பக்கம், டேப் ஒப்படைக்கறப்ப வாங்க வேண்டிய கடிதம் மூணும் எங்கிட்ட இருக்கு, வேணும்ங்கறவங்க கேளுங்க, அனுப்பறேன்.